கேட்டுக் கற்பதா? தேடிக் கற்பதா?
மருத்துவக் கல்வியில் இரு முறைகள் – ஓர் ஒப்பாய்வு

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

கற்பித்தல் என்பது கொடுக்கும் செயலா? கொள்ளச் செய்யும் செயலா? ஆசிரியர் பேச மாணவர் கேட்பது கல்வியா? மாணவர் தேட ஆசிரியர் உடன் நிற்பது கல்வியா? இக்கேள்வி எல்லாத் துறைகளுக்கும் உரியதே. எனினும் மருத்துவக் கல்வியில் இது தனிக் கூர்மை பெறுகிறது. வரலாற்று மாணவன் ஓர் ஆண்டை மாற்றி எழுதினால் இரண்டு மதிப்பெண் குறையும். மருத்துவன் தான் கற்றதை வேண்டிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவர இயலாவிடின், எதிரே கிடப்பவர் உயிர் குறையும். ஆகவேதான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகின் மருத்துவக் கல்லூரிகள் இக்கேள்வியை வாதிட்டும் அளந்தும் ஆய்ந்தும் வந்துள்ளன.

நான் விலங்கியல் மாணவன். மருத்துவ மாணவன் அல்லன். ஆயினும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் நமக்கும் பாடங்கள். அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் தலை நிமிராமல் குறிப்பெழுதும் அனுபவமும் நமக்கு உண்டு. எனவே அங்கே நடந்த வாதத்தின் முடிவு இங்கே நம்மையும் தொடும் என்ற எண்ணத்தில், நூலகத்தில் படித்தறிந்தவற்றையும், எங்கள் வகுப்பு நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்துபார்த்த சிறு முயற்சியையும் இக்கட்டுரையில் தருகிறேன்.

விரிவுரை வந்த வழி

ஆங்கிலத்தில் 'லெக்சர்' எனப்படும் சொல் 'படித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சு இயந்திரம் தோன்றாத காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நூற்படிகள் அரியவையாக இருந்தன. ஆசிரியர் கையில் உள்ள நூலை உரக்கப் படிப்பார். மாணவர் கேட்பர், எழுதிக்கொள்வர். அக்காலத்திற்கு அது சாலப் பொருந்திய முறையே. அச்சு வந்தது, நூல்கள் பெருகின. எனினும் அம்முறை மறையவில்லை. ஏன்? ஒரே நேரத்தில் நூறு பேருக்கு ஒருவர் கற்பிக்கலாம். பரந்த பாடத்தை ஒழுங்குபடுத்தித் தரலாம். நூலில் இல்லாத புதுச் செய்தியைச் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் துறையில் தோய்ந்த ஒருவர் அதனை எப்படி எண்ணுகிறார் என்பதை நேரில் காணலாம். நல்ல விரிவுரையின் சிறப்பு இவையே.

மருத்துவக் கல்வியின் இன்றைய வடிவத்திற்குப் பெருங்காரணமாக அமைந்தது 1910-ஆம் ஆண்டு வெளிவந்த பிளெக்ஸ்னர் அறிக்கையாகும். கார்னெகி நிறுவனத்தின் சார்பில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்தார். அவற்றுள் பல, ஆய்வுக்கூடமும் இன்றி மருத்துவமனைத் தொடர்பும் இன்றி வெறும் சொற்பொழிவுகளை விற்றுப் பிழைத்த நிலையங்கள். அறிவியலே மருத்துவத்தின் அடிப்படை என அவர் வற்புறுத்தினார். அவ்வறிக்கைக்குப் பின்னர், முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூற்றியல், உடலியங்கியல் முதலிய அடிப்படை அறிவியல்கள், அடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைப் பயிற்சி என்னும் அமைப்பு நிலைபெற்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளெக்ஸ்னர் வெறும் விரிவுரையை ஆதரித்தவர் அல்லர். செய்து கற்றலையே அவர் விரும்பினார். அவருக்கு முன்பே, 1893-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்று கற்பித்துப் புகழ்பெற்றார். ஆனால் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. அறிவியல் வளர வளரப் பாடங்கள் பெருகின. பாடங்கள் பெருகப் பெருக விரிவுரைகளும் பெருகின. நோயாளியின் முகத்தையே காணாமல் இரண்டு ஆண்டுகள் மாணவர் மனப்பாடம் செய்வதும், மருத்துவமனைக்குள் நுழையும்போது அதில் பெரும்பகுதியை மறந்துவிடுவதும் வழக்கமாயின.

ஹாமில்டன் நகரில் ஒரு புதுமை

இந்த நிலையை மாற்ற முற்பட்டது கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஹாமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 1965-இல் அங்கே புதிய மருத்துவப் பள்ளி அமைக்கும் பொறுப்பு ஜான் எவன்ஸ் என்னும் இளம் மருத்துவரிடம் தரப்பட்டது. புதிய பள்ளி, பழைய மரபின் சுமை இல்லை. எவன்சும் அவருடைய தோழர்களும் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தனர். பாடவாரியான தொடர் விரிவுரைகளை மையமாகக் கொள்வதை விட்டுவிடுவது. முதல் நாள் முதலே நோயாளியின் சிக்கலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி எல்லா அறிவியலையும் கற்பது.

1969-இல் முதல் அணியாக 20 மாணவர்கள் சேர்ந்தனர். மூன்றே ஆண்டுகளில், 1972-இல், அவ்வணி பட்டம் பெற்றது. நம் கல்லூரி நண்பர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அங்குச் சேர அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; கலைப்பாடம் பயின்ற பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வழக்கமான எழுத்துத் தேர்வுகளும் தொடக்கத்தில் இல்லை. வழிகாட்டும் ஆசிரியரின் மதிப்பீடு, உடன் பயில்வோரின் மதிப்பீடு, தன் மதிப்பீடு ஆகியவற்றையே நம்பினர்.

இம்முறைக்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர். நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு மாணவரின் திறமையைச் சோதிக்கும் முறையை 1963-இலேயே தென் கலிபோர்னியாவில் கையாண்டவர் அவர். பின்னர் மக்மாஸ்டரில் பணியாற்றி, ராபின் டாம்பிளின் என்பவருடன் சேர்ந்து 1980-இல் இம்முறையைப் பற்றிய நூலை வெளியிட்டார். 'சிக்கல்வழிக் கற்றல்' என நான் இக்கட்டுரையில் குறிப்பது இதனையே.

தீப்பொறி ஒன்று பல இடங்களில் பற்றியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1974-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி இம்முறையை ஏற்றது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகம் 1978-இல் ஏற்றது. பழம்பெருமை மிக்க ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் 1985-இல் 'புதிய பாதை' என்னும் பெயரில், விரிவுரையும் சிக்கல்வழிக் கற்றலும் கலந்த ஒரு திட்டத்தை ஒரு பகுதி மாணவர்களுக்குத் தொடங்கிப் பின்னர் அனைவருக்கும் விரித்தது.

வகுப்பு நடக்கும் விதம்

பெயரைச் சொல்வதைவிட நடைமுறையைக் காட்டுவதே பயனுடையது. மாஸ்ட்ரிக்டில் வகுத்த ஏழு படிகளை ஓர் எடுத்துக்காட்டின் துணையால் விளக்குகிறேன்.

ஏறத்தாழ எட்டு மாணவரும் ஓர் ஆசிரியரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒரு தாள் தரப்படுகிறது. அதில் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம்: 'இரண்டு வயதுக் குழந்தை. நேற்றிரவு முதல் பத்து முறை நீர்போல் பேதி. கண்கள் குழிந்துள்ளன. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறது. தண்ணீரைக் கண்டால் ஆவலுடன் குடிக்கிறது. குடித்தால் இன்னும் போகுமோ என்று தாய் தண்ணீர் தர அஞ்சுகிறாள்.'

முதற்படி, விளங்காத சொற்களைத் தெளிவுபடுத்துதல். இரண்டாம் படி, சிக்கல் யாது என வரையறுத்தல். மூன்றாம் படி, ஏற்கெனவே தெரிந்தவற்றைக் கொண்டு எல்லாரும் தோன்றிய விளக்கங்களைக் கூறுதல். உடல்நீர் குறைந்தது என்பார் ஒருவர். உப்பும் போயிருக்கும் என்பார் மற்றொருவர். குடித்த நீர் ஏன் குடலில் தங்கவில்லை என வினவுவார் இன்னொருவர். நான்காம் படி, அவ்விளக்கங்களை ஒழுங்குபடுத்துதல். ஐந்தாம் படி, தமக்குத் தெரியாதவை எவை எனக் கண்டு அவற்றைக் கற்கவேண்டிய குறிக்கோள்களாக எழுதிக்கொள்ளுதல். ஆறாம் படி, தனித்தனியே நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் தேடிப் படித்தல். ஏழாம் படி, சில நாள் கழித்து மீண்டும் கூடி, கற்றதை ஒருவருக்கொருவர் விளக்கித் தாளில் உள்ள குழந்தைக்குப் பொருத்துதல்.

இத்தேடலில் மாணவர் எதைக் காண்பர்? சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைப் போர்த்துள்ள உயிரணுக்களில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருப்பதைக் காண்பர். ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலார் 1960-இல் முன்வைத்த கருத்து அது. குளுக்கோசு இருந்தால் சோடியம் உட்புகும். சோடியம் புகுந்தால் சவ்வூடு பரவல் விதிப்படி நீர் பின்தொடரும். காலரா நச்சு, குடற்சுவரிலிருந்து குளோரைடையும் நீரையும் வெளியே பாயச் செய்கிறது. ஆனால் இந்த வாயிலை மட்டும் அது அடைப்பதில்லை. எனவே வெறும் நீர் செய்ய இயலாததை, உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர் செய்துவிடுகிறது. 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது வனகாம் அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் இக்கரைசலையே பாத்திரங்களில் கலக்கிக் கொடுத்து, காலரா இறப்பு விகிதத்தைச் சுமார் 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டிற்கும் கீழே கொண்டுவந்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சமையல் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ளன. இரண்டையும் மூலக்கூறு எண்ணிக்கையில் கணக்கிட்டால், சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்கு 75 மில்லிமோல் எனச் சமமாக நிற்கும்படி அப்பொட்டலம் அமைந்துள்ளது.

பழைய முறையில் இதே செய்திகள் எப்படி வந்து சேரும்? குடலின் அமைப்பு உடற்கூற்றியலில் ஒரு மாதம். சவ்வூடு பரவல் உடலியங்கியலில் வேறொரு மாதம். காலராக் கிருமி நுண்ணுயிரியலில் அடுத்த ஆண்டு. குழந்தை நோயியலில் இறுதியாண்டு. நான்கு அலமாரிகளில் நான்கு துண்டுகள். அவற்றை ஒட்டவைக்கும் வேலை மாணவன் தலையில் விழுகிறது; பலர் ஒட்டாமலே பட்டம் பெறுகின்றனர். சிக்கல்வழிக் கற்றல், துண்டுகளைத் தொடக்கத்திலேயே ஒரு குழந்தையின் குழிந்த கண்களோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பயன்படும் இடத்தோடு சேர்த்துக் கற்றது, பயன்படவேண்டிய இடத்தில் எளிதில் நினைவுக்கு வரும் என்பது இதன் அடிப்படை உளவியல்.

மேலும், கேட்டதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே அறிவு முழுமையடைகிறது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசான் சொன்னதை நன்கு கேட்டாலும் கால் பங்கே வரும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். பிறர்க்கு விளங்க உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வரும் என்பது அதன் கருத்து. கனடா நாட்டு ஆசிரியர்கள் நன்னூலைக் கண்டிருக்க மாட்டார்கள். எனினும் ஏழாம் படியில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் அதுவே.

ஆய்வுகள் கூறுவன

புதுமை என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. அளந்து பார்த்தவர்கள் கண்டதென்ன?

1993-இல் இரண்டு பெரும் தொகுப்பாய்வுகள் வெளிவந்தன. ஒன்று அல்பனீஸ், மிட்செல் ஆகியோருடையது. மற்றொன்று வெர்னன், பிளேக் ஆகியோருடையது. சிக்கல்வழிக் கற்ற மாணவர் தம் கல்வியை மிகுதியாக விரும்பினர். நோயாளியைக் கையாளும் தேர்வுகளில் பழைய முறையினருக்கு இணையாகவோ சற்று மேலாகவோ விளங்கினர். ஆனால் அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில இடங்களில் பின்தங்கினர். 2003-இல் டோக்கி என்பவரும் அவர் குழுவினரும் 43 ஆய்வுகளைத் தொகுத்தனர். அறிவைப் பயன்படுத்தும் திறனில் புதுமுறைக்குத் தெளிவான ஆதாயம்; அறிவின் அளவில் சிறு குறைவு; ஆயினும் கற்றதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில் புதுமுறையினரே மேல் என்பது அவர்கள் முடிவு. 2008-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள், பட்டம் பெற்றுப் பணியாற்றும் மருத்துவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தனர். பிறருடன் இணைந்து பழகுதல், ஐயப்பாட்டான நிலையைச் சமாளித்தல் முதலியவற்றில் இம்முறையின் நற்பயன் பணிக்காலத்திலும் தொடர்ந்ததை அவர்கள் கண்டனர்.

மறுபக்கமும் உண்டு. 2000-இல் காலிவர் என்னும் ஆய்வாளர், இவ்வளவு ஆளும் பொருளும் செலவிட்டு நடத்தும் முறையிலிருந்து எதிர்பார்க்கத்தக்க பெரும் பயன் அறிவிலோ மருத்துவத் திறனிலோ காணப்படவில்லை எனத் திட்டவட்டமாக எழுதினார். கனடாவிலேயே மக்மாஸ்டர் மாணவரையும், மரபுமுறை வழங்கிய மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழக மாணவரையும் ஒப்பிட்டார் விமலா பட்டேல். முன்னவர் விரிவான விளக்கங்களைத் தந்தனர். ஆனால் அவ்விளக்கங்களில் பிழைகளும் மிகுந்திருந்தன என்று அவர் கண்டார். மக்மாஸ்டரும் தன்னைத் திருத்திக்கொண்டது. நாட்டளவிலான உரிமத் தேர்வில் அதன் மாணவர் பலர் தடுமாறிய நிலை ஏற்பட்டபோது, 1990களின் தொடக்கத்தில், குறித்த கால இடைவெளியில் முழுப் பாடப்பரப்பையும் சோதிக்கும் முன்னேற்றத் தேர்வைப் புகுத்தியது. மாஸ்ட்ரிக்ட் அத்தகைய தேர்வை முன்பே நடத்திவந்தது. தேர்வே வேண்டாம் என்று தொடங்கிய பள்ளி தேர்வின் ஒரு பயனை ஏற்றுக்கொண்டது, நம் சிந்தனைக்குரியது.

ஓர் ஆழமான மறுப்பு

இம்முறையின் அடித்தளத்தையே அசைத்த ஆய்வு ஒன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிக்கலைத் தீர்த்துத் தீர்த்துப் பழகினால் 'சிக்கல் தீர்க்கும் திறன்' என்னும் பொதுத்திறன் வளரும் என முதலில் பலரும் நம்பினர். 1978-இல் எல்ஸ்டீனும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு நூல் அந்நம்பிக்கையை உடைத்தது. ஒரு நோயில் திறமையாக முடிவு காணும் மருத்துவரே வேறொரு நோயில் தடுமாறக்கூடும். திறன் என்பது அந்தந்தப் பொருளைப் பற்றிய அறிவைச் சார்ந்தே நிற்கிறது என்பது அதன் சாரம். அறிவு இல்லாத இடத்தில் வெறும் முறை மட்டும் உதவாது.

2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் இதே கருத்தை வேறு கோணத்தில் வற்புறுத்தினர். மனிதனின் உடனடி நினைவு மிகச் சிறியது; புதியவனைக் குறைந்த வழிகாட்டலுடன் தேடவிட்டால் தேடுவதிலேயே அதன் ஆற்றல் செலவாகி, கற்பதற்கு எஞ்சாது என்றனர். இதற்கு மாஸ்ட்ரிக்ட் முறையுடன் நெடுநாள் தொடர்புடைய ஹென்க் ஷ்மிட் முதலியோர் 2007-இல் விடையளித்தனர். சிக்கல்வழிக் கற்றல் வழிகாட்டல் அற்ற முறை அன்று. தாளில் எழுதப்பட்ட சிக்கல், ஏழு படிகள், உடன் அமர்ந்த ஆசிரியர் ஆகிய அனைத்தும் வழிகாட்டல்களே என்றனர். இரு தரப்பும் ஒன்றில் உடன்படுவதைக் காண்கிறோம். தொடக்க மாணவனுக்கு வழிகாட்டல் வேண்டும் என்பதே அது. அவ்வழிகாட்டலின் அளவும் வடிவமும் யாவை என்பதில்தான் வேறுபாடு.

விரிவுரையின் பக்கமும் ஆய்வுகள் உள்ளன. டொனால்டு பிளை என்பவர் விரிவுரையின் பயனைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1970களின் தொடக்கத்தில் நூலாக்கினார். செய்தியைச் சேர்ப்பிப்பதில் விரிவுரை வேறெந்த முறைக்கும் தாழ்ந்ததன்று. ஆனால் சிந்தனையைத் தூண்டுவதிலும் மனப்பான்மையை மாற்றுவதிலும் கலந்துரையாடலுக்கு ஈடாகாது என்பது அவர் கண்ட முடிவு. 2014-இல் பிரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தனர். வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வியுற்றோர் சராசரியாக 33.8 விழுக்காடு, மாணவர் ஏதேனும் ஒருவகையில் தாமே ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 விழுக்காடு. இங்கே ஒப்பிடப்பட்டது முழுமையான சிக்கல்வழிக் கற்றல் மட்டுமன்று. விரிவுரைக்கு நடுவே ஒரு கேள்வி கேட்டு அடுத்தவருடன் விவாதிக்கச் செய்த வகுப்புகளும் அதில் அடங்கும். சிறு மாற்றமும் பயன் தரும் என்பதற்கு இது சான்று.

ஆசிரியர் எத்தனை பேர்?

கொள்கை எதுவாயினும் கணக்குப் பார்த்தே செயலில் இறங்க வேண்டும். ஒரு வகுப்பில் 150 மாணவர் எனக் கொள்வோம். எட்டுப் பேருக்கு ஒரு குழு என்றால் 19 குழுக்கள். ஒரு சிக்கலுக்கு இருமுறை கூடி, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் விவாதித்தால், ஆசிரியர் நேரம் மொத்தம் 76 மணி. அதே பொருளை விரிவுரையாக இரண்டு மணி நேரத்தில் ஒருவர் முடித்துவிடுவார். 19 சிறு அறைகள் வேண்டும். எல்லாரும் ஒரே வாரத்தில் தேடும் நூலுக்குப் பல படிகள் வேண்டும். வகுப்பு நூறு பேரைத் தாண்டும்போது இம்முறையின் செலவு மிகுந்துவிடும் என அல்பனீசும் மிட்செலும் 1993-இலேயே எச்சரித்தனர். இருபது பேருடன் தொடங்கிய ஒரு முறையை நூற்றைம்பது பேருக்கு அப்படியே பொருத்துவது, ஒரு வீட்டு உலையில் கல்யாணச் சமையலைச் செய்ய முயல்வது போன்றதே.

நம் நாட்டு மருத்துவக் கல்வியும் இவ்வாதத்திலிருந்து விலகி நிற்கவில்லை. 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். அணியிலிருந்து திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஓர் அடிப்படைப் பயிற்சி, முதலாண்டிலேயே நோயாளியைக் காணும் வாய்ப்பு, பாடங்களை இணைத்துக் கற்பித்தல், தாமே கற்பதற்கென ஒதுக்கிய நேரம் ஆகியன அதன் கூறுகள். வெறும் விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்றும் விதி செய்யப்பட்டது. விரிவுரையை ஒழிக்கவும் இல்லை. அதை அரியணையில் வைக்கவும் இல்லை. அளவுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் சிறு முயற்சி

படித்ததைச் சோதித்துப் பார்க்கும் ஆவலால், எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் சென்ற பருவத்தில் ஆறு வாரங்கள், வாரம் ஒருநாள் மாலையில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் கூடினோம். மேலே கூறிய பேதியுற்ற குழந்தையின் சிக்கலே எங்கள் முதல் சிக்கல். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் அன்புடன் உடன் அமர இசைந்தார். எட்டுப் பேரை வைத்து எதையும் நிறுவ இயலாது என்பதை அறிவேன். எனினும் கண்ட மூன்று செய்திகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

முதலாவது, பேச்சு. இரண்டரை ஆண்டுகளாக வகுப்பில் எழுந்து ஒரு கேள்வியும் கேட்டிராத தோழி ஒருவர், இரண்டாம் வாரத்தில், குடலுயிரணுவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து சோடியம் நுழையும் வாயிலை விளக்கினார். அவர் ஊரில் சிறுவயதில் அவருடைய தம்பிக்குப் பேதி கண்டபோது, வீட்டுப் பெரியவர்கள் தண்ணீரை நிறுத்தச் சொன்னார்களாம். அப்போது எழுந்த கேள்விக்கு இப்போதுதான் விடை கிடைத்தது என்றார். குழந்தை பிழைத்ததா என்று கேட்டோம். பக்கத்து வீட்டுச் செவிலியர் அக்காள் வந்து கரைசல் கலக்கிக் கொடுத்ததால் பிழைத்தான் என்றார். அதன்பின் அந்த அறையில் அந்தப் புரதத்தின் பெயரை எவரும் மறக்கவில்லை.

இரண்டாவது, அடித்தளம். உயிரணுச் சவ்வின் மின்னழுத்த வேறுபாடு பற்றிய பகுதியை நாங்கள் எட்டுப் பேரும் நான்கு நாட்கள் நான்கு நூல்களில் தேடினோம். ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு குறியீட்டில் எழுதியிருந்தது. பேராசிரியர் பத்து நிமிடம் பேசினார், ஒரே ஒரு படம் வரைந்தார், முடிச்சு அவிழ்ந்தது. அது விரிவுரைதான். ஆனால் கேள்வி எங்களுக்குள் பழுத்திருந்த நேரத்தில் வந்த விரிவுரை. அதே பத்து நிமிடத்தை முதல் நாளே கேட்டிருந்தால் குறிப்பேட்டில் இன்னொரு பக்கமாகவே அது நின்றிருக்கும் என நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

மூன்றாவது, சமமின்மை. ஆங்கில நூல்களைத் தயக்கமின்றிப் படிப்போர் இருவர். மற்றவர் அவர்களையே நம்பி நிற்கும் நிலை நான்காம் வாரத்தில் ஏற்பட்டது. தமிழில் எழுதிய பாடநூல் கிடைத்த பகுதியில் எட்டுப் பேரும் பேசினர். கிடைக்காத பகுதியில் இருவரே பேசினர். தேடிக் கற்றல் என்பது தேடினால் கிடைக்கும் நூலகம் உள்ளவர்க்கே உரியது. விரிவுரை வகுப்பில், நூல் வாங்க இயலாதவனும் வாங்க இயன்றவனும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே சொல்லைக் கேட்கின்றனர். அந்தச் சமத்துவத்தைச் சிறிதாக எண்ணிவிடலாகாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு நல்ல ஆசிரியரின் குரலே முதல் நூலகம்.

தேர்ந்து கொள்ளுதல்

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கையில், எது சிறந்தது என ஒரே சொல்லில் விடை கூறுவதற்கில்லை. எங்கே, எவர்க்கு, எப்போது என்று பிரித்தே விடை காண வேண்டும். என் கருத்தை நான்கு கூறுகளாகத் தருகிறேன்.

1. பாடத்தின் எலும்புக்கூடு விரிவுரையால் நிற்கட்டும். புதிய துறையின் பரப்பு, அதன் முதன்மைக் கருத்துகள், அவற்றின் உறவு ஆகியவற்றை நன்கறிந்தவர் தொகுத்துச் சொல்வதே விரைவான வழி.

2. தசையும் குருதியும் சிக்கல்களால் சேரட்டும். மூன்று நான்கு விரிவுரைகளுக்குப் பின் ஒரு சிக்கல்; அதில் முன் கேட்டவை அனைத்தும் பயன்பட வேண்டும்.

3. தொடக்க ஆண்டில் வழிகாட்டல் மிகுதியாகவும், மேல் வகுப்புகளில் குறைவாகவும் இருக்கட்டும். அறிவு வளர வளரத் தேடும் உரிமையும் வளர வேண்டும்.

4. தேர்வு மாறாமல் முறை மாறாது. இறுதித் தேர்வு மனப்பாடத்தையே கேட்குமானால், மாணவன் எந்தக் குழுவில் அமர்ந்தாலும் மனப்பாடமே செய்வான். அவனைக் குறை கூறிப் பயனில்லை.

நம் கல்லூரியைப் பொறுத்தவரை ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். அறுபது பேரை எட்டு எட்டாக அமர்த்தி, ஒரு தாளில் ஒரு சிக்கலைத் தந்து, ஒரு பேராசிரியர் குழுக்களிடையே நடந்துவரலாம். இயற்பியலில் ஒரு மின்தடை, பொருளியலில் ஒரு சந்தை விலை, வரலாற்றில் ஒரு கல்வெட்டு, தமிழில் இரு பாடவேறுபாடுகள் என எதுவும் சிக்கலாக அமையும். 76 மணி நேரம் கேட்கவில்லை. ஒரே ஒரு மணி கேட்கிறோம். துறைக்கு ஓரிரு பாடநூல்களின் கூடுதல் படிகள் நூலகத்தில் இருக்குமானால் அந்த ஒரு மணி இன்னும் பயன்படும்.

முடிவுரை

நோயாளிக்குத் தன் மருத்துவர் எந்த முறையில் படித்தார் என்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்க்கும் விரல், ஏன் கிள்ளுகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். தண்ணீர் தர அஞ்சும் தாய்க்கு அவள் மொழியில் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முன்னதற்கு ஆழ்ந்த அறிவு வேண்டும். பின்னதற்குப் பிறர்க்கு உரைத்துப் பழகிய நாவு வேண்டும். கேட்டுக் கற்றவை முதலாவதற்குப் பெரிதும் உதவும். கூடித் தேடிக் கற்றவை இரண்டாவதற்குப் பெரிதும் உதவும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டுப் பெறும் கல்வி குறையுடையதே. இதில் மாறுபட்ட கருத்துடைய பேராசிரியப் பெருமக்களும் தோழர்களும் தம் மறுப்பை அடுத்த மலரில் எழுதுவார்களாயின், அதுவும் ஒரு நல்ல கலந்துரையாடலாகவே அமையும்.